அறிவியல் முன்னச்சுகளின் தன்னியக்கச் சரிபார்ப்பு

அறிவியல் முன்னச்சுகளின் தன்னியக்கச் சரிபார்ப்பு என்பது, ஆய்விதழில் வெளிவருவதற்கு முன்பே இணையத்தில் வைக்கப்படும் ஆய்வுக் கட்டுரைகளை மென்பொருளைக் கொண்டு படித்து, அவ்வாய்வைப் பிறர் சோதித்துப் பார்ப்பதற்கு வேண்டிய விவரங்கள் தரப்பட்டுள்ளனவா எனக் கண்டறியும் முறை ஆகும். தரவு எங்கே கிடைக்கும், கணினி நிரல் வெளியிடப்பட்டுள்ளதா, நோயாளிகள் எவ்வாறு பிரிக்கப்பட்டனர், நன்னெறிக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டதா, ஆய்வின் வரம்புகள் கூறப்பட்டுள்ளனவா போன்ற கேள்விகளுக்கு இம்மென்பொருள்கள் விடை தேடுகின்றன. கட்டுரையின் முடிவு சரியா தவறா என்பதை இவை தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிக்கப் பிறருக்கு வழி விடப்பட்டுள்ளதா என்பதையே பார்க்கின்றன.

2020 ஆம் ஆண்டின் கோவிட்-19 பெருந்தொற்றின் போது ஆயிரக்கணக்கான முன்னச்சுகள் மிகக் குறுகிய காலத்தில் வெளிவந்தன. அவற்றை மதிப்பாய்வு செய்யப் போதிய அறிஞர்கள் இல்லாத நிலையில் இம்முறை பெரிய அளவில் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது.

முன்னச்சு

ஆய்விதழுக்கு அனுப்பப்படும் கட்டுரையை அதே துறையைச் சேர்ந்த வேறு அறிஞர்கள் படித்துக் குறைகளைச் சுட்டிக்காட்டுவது ஒத்தார் மதிப்பாய்வு எனப்படும். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம். இம்மதிப்பாய்வு முடியும் முன்னரே ஆய்வாளர் பொதுப் பார்வைக்கு வைக்கும் கட்டுரைப் படியே முன்னச்சு ஆகும்.

இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் வழங்கி, முன்னச்சுகளை இணையத்துக்குக் கொண்டு வந்தது. இது 2001 இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இணைய வேகம் குறைவாக இருந்த காலத்தில் இந்திய ஆய்வாளர்களுக்கு உதவும் பொருட்டு, சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆர்க்கைவின் நகல் வழங்கியைப் பல ஆண்டுகள் நடத்தியது. உயிரியலுக்கான பயோ-ஆர்க்கைவ் 2013 நவம்பரிலும், மருத்துவத்துக்கான மெட்-ஆர்க்கைவ் 2019 ஜூனிலும் தொடங்கப்பட்டன.

இந்தியாவில் ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகக் கிடைக்கச் செய்யும் முயற்சிகளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002 இல் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்கென ஒரு களஞ்சியத்தைத் தொடங்கியது. 2004 மே மாதம் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் திறந்த அணுக்கம் குறித்த பயிற்சிப் பட்டறைகள் நடைபெற்றன. தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 2019 இல் இந்திய ஆய்வாளர்களுக்கென இந்தியா-ஆர்க்கைவ் தொடங்கப்பட்டது.

முன்னச்சு வழங்கிகளில் பணியாளர்களும் தன்னார்வ அறிஞர்களும் ஒரு தொடக்கநிலைச் சோதனையைச் செய்கின்றனர். கட்டுரை அறிவியல் சார்ந்ததா, பிறர் எழுத்தின் நகலா, மக்கள் உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்குமா என்பன இதில் பார்க்கப்படும். ஆய்வு முறை நுணுக்கமாக ஆராயப்படுவதில்லை.

தேவை

மதிப்பாய்வு பெறாத கட்டுரையைத் துறை வல்லுநர் மட்டுமே படித்த காலத்தில் இதனால் பெரிய சிக்கல் எழவில்லை. 2020 இல் செய்தியாளர்களும் அரசு அலுவலர்களும் பொதுமக்களும் முன்னச்சுகளைப் படிக்கத் தொடங்கினர். அவ்வாண்டு இந்தியாவுடன் தொடர்புடைய மூன்று முன்னச்சுகள் இந்நிலையை விளக்கப் போதுமானவை.

முதலாவது, 2020 ஜனவரி 31 அன்று பயோ-ஆர்க்கைவில் வெளியானது. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தையும் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றையும் சேர்ந்தோர் எழுதிய இக்கட்டுரை, புதிய கொரோனா தீநுண்மியின் கூர்ப்புரதத்தில் உள்ள நான்கு சிறு பகுதிகள் எச்.ஐ.வி புரதங்களை ஒத்துள்ளன என்றது. தீநுண்மி செயற்கையாக உருவாக்கப்பட்டது என்ற வதந்திக்கு இது உடனே பயன்படுத்தப்பட்டது. அத்தனை சிறிய பகுதிகள் வேறு பல உயிரிகளின் புரதங்களிலும் தற்செயலாகப் பொருந்தும் என்று உலகெங்கும் உள்ள அறிவியலாளர்கள் கருத்துரைகளில் சுட்டிக்காட்டினர். ஆய்வாளர்கள் பிப்ரவரி 2 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். இதன் பின்னர், கொரோனா தீநுண்மி பற்றிய முன்னச்சுகள் மதிப்பாய்வு செய்யப்படாதவை என்னும் எச்சரிக்கையைப் பயோ-ஆர்க்கைவ் தன் பக்கங்களில் சேர்த்தது.

இரண்டாவது, 2020 மார்ச் இறுதியில் ஆர்க்கைவில் வெளியானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தையும் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தையும் சார்ந்த ராஜேஷ் சிங், ரொனோஜாய் அதிகாரி ஆகிய இருவரும் வயதுவாரியான தொடர்புகளைக் கொண்ட கணித மாதிரி ஒன்றை உருவாக்கினர். மார்ச் 25 அன்று தொடங்கிய 21 நாள் ஊரடங்கு நோயை அடக்கப் போதாது என்பது அவர்களது முடிவு. இம்மாதிரிக்கான பைராஸ் என்னும் நிரல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. முடிவை ஏற்காதவரும் அந்நிரலை இறக்கி, எண்களை மாற்றி, மீண்டும் இயக்கிப் பார்க்க முடிந்தது.

மூன்றாவது, 2020 ஜூலையில் மெட்-ஆர்க்கைவில் வெளியாகி, செப்டம்பர் 30 அன்று சயன்ஸ் ஆய்விதழில் வந்தது. தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களின் தொடர்பறிதல் தரவை ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையிலான குழு பகுத்தாய்ந்தது. ஆய்விதழில் வெளியான வடிவத்தில், தொற்று உறுதியான 84,965 பேரும் அவர்களுடன் தொடர்பு கொண்ட 5,75,071 பேரும் கணக்கில் கொள்ளப்பட்டனர். ஒத்த வயதினரிடையே தொற்று மிகுதியாகப் பரவியது என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. சிற்றூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வரை பலரின் உழைப்பால் திரட்டப்பட்ட தரவு இது.

இம்மூன்றும் தோற்றத்தில் ஒரே வகையானவை. எது நம்பத்தக்கது என்பதை மதிப்பாய்வு நடைபெறும் முன் வாசகர் எவ்வாறு அறிவது என்ற கேள்வியிலிருந்தே தன்னியக்கச் சரிபார்ப்பின் தேவை எழுகிறது.

வெளிப்படைத்தன்மையும் மீளுருவாக்கமும்

ஆய்வாளர் தாம் செய்தவற்றை மறைவின்றிக் கூறுவது வெளிப்படைத்தன்மை ஆகும். அதே தரவையும் அதே முறையையும் கொண்டு வேறொருவர் அதே விடையை அடைவது மீளுருவாக்கம் எனப்படும். புதிய தரவைத் திரட்டி அதே முடிவு கிடைக்கிறதா என்று பார்ப்பது மறுநிகழ்த்தல் எனப்படும்.

ஓர் ஆய்வு முழு வெளிப்படைத்தன்மையுடன் இருந்தும் தவறாக இருக்கலாம். ஆனால் அத்தகைய தவற்றை மற்றொருவர் விரைவில் கண்டுபிடிக்க முடியும். வெளிப்படைத்தன்மை இல்லாத ஆய்வு சரியாகவே இருந்தாலும் அதைச் சரி என்று காட்ட வழியில்லை. தன்னியக்கச் சரிபார்ப்பு இவற்றுள் வெளிப்படைத்தன்மையை மட்டுமே நேரடியாக அளக்கிறது.

வரலாறு

தொடக்ககால முயற்சிகள் எண்களைச் சோதிப்பனவாக அமைந்தன. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷேல் நையுடன் முதலியோர் உருவாக்கிய ஸ்டாட்செக் என்னும் மென்பொருள், உளவியல் கட்டுரைகளில் உள்ள புள்ளியியல் மதிப்புகளை மீண்டும் கணக்கிடுகிறது. எடுத்துக்காட்டாக, 28 விடுமைக் கூறுகளில் டி-மதிப்பு 2.20 என்று ஒரு கட்டுரை கூறினால், அதற்குரிய நிகழ்தகவு ஏறத்தாழ 0.04 ஆகும். கட்டுரையில் அது 0.01 என்று இருந்தால் எங்கோ பிழை உள்ளது. 1985 முதல் 2013 வரையிலான உளவியல் கட்டுரைகளைச் சோதித்ததில், இத்தகைய மதிப்புகளைத் தந்த கட்டுரைகளுள் ஏறத்தாழப் பாதியில் குறைந்தது ஒரு பொருந்தா மதிப்பேனும் இருந்ததாக 2016 இல் வெளியிடப்பட்டது.

நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் ஆகியோர் 2016 இல் வெளியிட்ட கிரிம் சோதனை இன்னும் எளியது. 20 பேர் ஒவ்வொருவரும் முழு எண்ணில் மதிப்பெண் தந்தால் கூட்டுத்தொகையும் முழு எண்ணாகவே இருக்கும். கூட்டுத்தொகை 69 எனில் சராசரி 3.45, 70 எனில் சராசரி 3.50. எனவே 20 பேரின் சராசரி 3.48 என்று ஒரு கட்டுரை கூறுமானால் அது நடக்க இயலாதது. மூலத்தரவு இல்லாமலே இதைக் காண முடியும்.

2020 இல் பல நாடுகளைச் சேர்ந்த மென்பொருளாளர்களும் உயிரியலாளர்களும் இணைந்து தன்னியக்கச் சரிபார்ப்புப் பணிக்குழுவை அமைத்தனர். பெர்லினைச் சேர்ந்த டிரேசி வைஸ்கர்பர், கலிபோர்னியாவைச் சேர்ந்த அனிதா பன்ட்ராவ்ஸ்கி முதலியோர் இதில் முக்கியமானவர்கள். தனித்தனியாக இயங்கிய மென்பொருள்களை ஸ்கிரீன்-இட் என்னும் ஒரே வரிசையில் இக்குழு இணைத்தது. மெட்-ஆர்க்கைவ், பயோ-ஆர்க்கைவ் ஆகியவற்றில் வெளியான கோவிட்-19 முன்னச்சுகள் இதன் வழியே சோதிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்குமான அறிக்கை இணையக் குறிப்புரையாகப் பொதுவில் வைக்கப்பட்டது. இப்பணி பற்றிய கட்டுரை 2021 ஜனவரியில் நேச்சர் மெடிசின் ஆய்விதழில் வெளியானது.

பயன்படுத்தப்பட்ட மென்பொருள்கள்

ஸ்கிரீன்-இட் வரிசையில் இடம்பெற்ற மென்பொருள்களுள் சில பின்வருமாறு:

• சைஸ்கோர் - செய்முறைப் பகுதியைப் படித்து, நன்னெறி ஒப்புதல், சீரற்ற முறையில் பிரித்தல், மறைத்து ஆய்தல், மாதிரி அளவுக் கணக்கீடு, ஆண் பெண் விவரம், பயன்படுத்திய எதிர்ப்பிகள், உயிரணு வழிகள் ஆகியன குறிப்பிடப்பட்டுள்ளனவா எனப் பார்க்கிறது.
• ஆட்பப் - தரவும் நிரலும் பொதுவில் வைக்கப்பட்டதைக் கூறும் தொடர்களைத் தேடுகிறது.
• லிமிடேஷன்-ரெகக்னைசர் - ஆய்வின் வரம்புகளை ஆய்வாளரே கூறும் தொடர்களை அறிகிறது.
• டிரையல்-ஐடென்டிஃபையர் - மருத்துவச் சோதனைப் பதிவெண்களைக் கண்டு, அவை மெய்யானவையா எனச் சரிபார்க்கிறது.
• பார்சூக்கா - வரைபடங்களின் வகையை அறிந்து, பொருத்தமற்ற பட்டை வரைபடங்களைச் சுட்டுகிறது.
• ஜெட்-ஃபைட்டர் - நிறக்குருடு உள்ளோர் பிரித்தறிய இயலாத வானவில் நிறத்தொகுதியில் அமைந்த படங்களைக் கண்டறிகிறது.
• சைட் - திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் மேற்கோளாகக் காட்டப்பட்டுள்ளனவா எனப் பார்க்கிறது.
• ஆர்-டிரான்ஸ்பேரன்ட் - நிதி உதவி, நலன் முரண், முன்பதிவு ஆகியவை குறித்த அறிவிப்புகளைத் தேடுகிறது.

பட்டை வரைபடத்தைக் குறையாகக் கருதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். 4, 5, 6 என்னும் அளவீடுகளின் சராசரி 5. 1, 1, 13 என்னும் அளவீடுகளின் சராசரியும் 5. இரண்டையும் பட்டையாக வரைந்தால் ஒரே உயரம் கொண்ட இரு பட்டைகளே தெரியும். முதல் குழுவினர் ஒருபடித்தானவர்கள், இரண்டாம் குழுவில் ஒருவர் மட்டும் மிகவும் வேறுபட்டவர் என்ற செய்தி மறைந்துவிடும். அளவீடுகளைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டினால் வாசகர் இதைத் தாமே காண்பார்.

செயற்படும் முறை

முதலில் கட்டுரைக் கோப்பிலிருந்து எழுத்தும் படங்களும் பிரித்தெடுக்கப்படும். அடுத்து, முன்னுரை, செய்முறை, முடிவுகள் எனப் பகுதிகள் அடையாளம் காணப்படும். அதன் பின் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரிய பகுதியை ஆராயும். இம்மென்பொருள்கள் மூன்று வகையான நுட்பங்களைப் பயன்படுத்துகின்றன.

முதல் வகை, விதிகளால் ஆனது. அமெரிக்க மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண் என்.சி.டி என்னும் மூன்று எழுத்துகளும் 8 இலக்கங்களும் கொண்டது. இத்தோரணத்தைக் கொண்ட சொல்லைத் தேடுவது எளிது. இந்தியாவின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தால் 2007 ஜூலை 20 அன்று தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் இதில் பதியப்பட வேண்டும். இதன் எண் சி.டி.ஆர்.ஐ, ஆண்டு, மாதம், 6 இலக்கங்கள் என்ற வரிசையில் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டிருக்கும். தொடக்க ஆண்டுகளின் எண்களில் மாதத்தின் இடத்தில் 3 இலக்க எண் ஒன்று இருந்தது. மாதத்துக்கு 2 இலக்கங்களை மட்டும் எதிர்பார்க்கும் விதி, இப்பழைய எண்களைத் தவறவிடும். அவ்வாறு தவறவிட்டால், முறையாகப் பதியப்பட்ட ஓர் இந்தியச் சோதனை பதியப்படாதது போல அறிக்கையில் தோன்றும். விதி எழுதுபவர் அந்தந்த நாட்டின் வழக்கத்தை அறிந்திருப்பது இதனால் இன்றியமையாதது ஆகிறது.

இரண்டாம் வகை, இயந்திரக் கற்றல். வரம்புகளை ஆய்வாளர் பலவாறு எழுதுவர். மாதிரி சிறியது என்பார் ஒருவர், இம்முடிவைப் பிற மாநிலங்களுக்குப் பொருத்தக் கூடாது என்பார் மற்றொருவர். இதற்கு முழுமையான விதி எழுத இயலாது. எனவே மனிதர்கள் குறியிட்டுத் தந்த ஏராளமான வாக்கியங்களிலிருந்து மென்பொருள் கற்றுக்கொள்கிறது.

மூன்றாம் வகை, படப் பகுப்பாய்வு. பார்சூக்கா போன்றவை செயற்கை நரம்பணு வலைப்பின்னல் கொண்டு பக்கத்தின் படத்தையே நோக்கி வரைபட வகையை அறிகின்றன.

பிழைகளும் அவற்றின் அளவும்

எந்த மென்பொருளும் இருவகைப் பிழைகளைச் செய்யும். இருப்பதை இல்லை என்பது ஒன்று, இல்லாததை இருக்கிறது என்பது மற்றொன்று. திறந்த தரவைக் கண்டறிவதில் ஆட்பப்பின் உணர்திறன் 73 விழுக்காடு, தனித்திறன் 97 விழுக்காடு என அதன் ஆக்குநர்கள் 2020 இல் தெரிவித்தனர். அதாவது திறந்த தரவு உள்ள 100 கட்டுரைகளில் 73 ஐ அது கண்டுபிடிக்கும். திறந்த தரவு இல்லாத 100 கட்டுரைகளில் 97 ஐச் சரியாக விலக்கும்.

இவ்வெண்களின் பொருளை ஒரு கணக்கால் அறியலாம். 1,000 முன்னச்சுகளுள் 140 இல் மட்டும் திறந்த தரவு உள்ளது எனக் கொள்வோம். மென்பொருள் அவற்றில் 102 ஐக் கண்டறியும், 38 ஐத் தவறவிடும். எஞ்சிய 860 இல் 26 ஐத் தவறுதலாகத் திறந்த தரவு உள்ளவை என்று குறிக்கும். ஆக, குறிக்கப்பட்ட 128 கட்டுரைகளில் 26, அதாவது ஐந்தில் ஒன்று, பிழையானது.

மொத்தத் துறையின் போக்கை அறிய இந்த அளவு பிழை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஆனால் தனியொரு கட்டுரையைப் பற்றித் தீர்ப்புக் கூற இது போதாது. தரவைப் பொதுவில் வைத்தும் இல்லை என்று குறிக்கப்பட்ட 38 கட்டுரைகளுக்குப் பின்னும் ஆய்வாளர்கள் உள்ளனர்.

2020 ஆம் ஆண்டின் முடிவுகள்

பணிக்குழு 2020 ஜூலை நடுப்பகுதி வரை வெளியான 6,000 க்கும் மேற்பட்ட கோவிட்-19 முன்னச்சுகளைச் சோதித்தது. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மட்டுமே தரவைப் பொதுவில் வைத்திருந்தன. நிரலை வெளியிட்டவையும் ஏறத்தாழ அதே அளவினவே. ஆய்வின் வரம்பு ஒன்றையேனும் குறிப்பிட்டவை மூன்றில் ஒரு பங்கு ஆகும்.

இவ்வறிக்கைகள் ஆய்வாளரைக் குற்றம் சாட்டும் நோக்கில் எழுதப்படவில்லை. முன்னச்சைத் திருத்தி மறுபடி ஏற்றலாம் என்பதால், ஆய்விதழில் வெளிவரும் முன் குறையைச் சரிசெய்ய ஆய்வாளருக்கு வாய்ப்பு அளிப்பதே நோக்கமாகும். அச்சான கட்டுரையில் இவ்வாய்ப்பு மிகக் குறைவு.

மென்பொருளால் காண இயலாதவை

மேற்கூறிய மூன்று முன்னச்சுகளுக்கு இச்சோதனையைப் பொருத்திப் பார்த்தால் அதன் எல்லை விளங்கும். தில்லி முன்னச்சின் குறை, ஒப்புமை தற்செயலானதா என்பதைப் போதிய அளவு ஆராயாதது. நன்னெறி ஒப்புதல், பதிவெண், நிறத்தொகுதி ஆகியவற்றைத் தேடும் மென்பொருளுக்கு இது புலப்படாது. அதைக் கண்டவர்கள் புரத வரிசைகளை அறிந்த மனிதர்கள். எனினும் ஒப்பிடப்பட்ட வரிசைகள் பொதுத் தரவுத்தளங்களில் இருந்தமையால்தான் அவர்களால் இரண்டே நாட்களில் அதைச் செய்ய முடிந்தது.

கணித அறிவியல் நிறுவனம் சார்ந்த முன்னச்சில் நிரலுக்கான இணைப்பு உள்ளது என மென்பொருள் கூற முடியும். மாதிரியின் எடுகோள்கள் இந்தியக் குடும்பங்களுக்குப் பொருந்துமா என்று கூற முடியாது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேவ் குமார் தாப்பா, அன்சு பாண்டே ஆகியோரின் 2018 ஜூலை முன்னச்சு வேறொரு வகையைக் காட்டுகிறது. பொன், வெள்ளி நுண்துகள்களால் ஆன பொருள் 236 கெல்வினில், அதாவது சுழியத்துக்குக் கீழ் 37 பாகை செல்சியசில், மீக்கடத்தியாகிறது என்று அது கூறியது. வெவ்வேறு காந்தப் புலங்களில் எடுக்கப்பட்ட இரு அளவீடுகளில், தற்செயலாக அமைய வேண்டிய இரைச்சல் ஒரே வடிவில் இருப்பதை இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர் 2018 ஆகஸ்டில் சுட்டிக்காட்டினார். ஆய்வாளர்கள் 2019 மே மாதத்தில் கூடுதல் தரவுகளுடனும் கூடுதல் ஆசிரியர்களுடனும் விரிவான திருத்தப் பதிப்பை வெளியிட்டனர். ஸ்கின்னர் வரைபடத்தை நோக்கியே இதைக் கண்டார். அளவீடுகள் எண் கோப்பாகக் கட்டுரையுடன் வைக்கப்படுமானால், இத்தகைய ஒப்பீட்டைக் கணினி நொடிப்பொழுதில் செய்யும். தரவு வெளியிடப்பட்டுள்ளதா என்னும் எளிய கேள்வியின் பயன் இங்கே தெளிவாகிறது.

விமர்சனங்கள்

பொதுவில் வெளியிடுதல்: 2016 இல் ஏறத்தாழ 50,000 உளவியல் கட்டுரைகளுக்கான ஸ்டாட்செக் அறிக்கைகள் பப்பியர் தளத்தில் தன்னியக்கமாக வெளியிடப்பட்டன. ஆய்வாளருக்கு முன்னறிவிப்பின்றி, மென்பொருளின் பிழையும் கலந்திருக்கக்கூடிய அறிக்கையைப் பொதுவில் வைப்பது அவர்தம் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் என்று செருமானிய உளவியல் கழகம் எதிர்த்தது. அறிவியல் உரையாடல் திறந்த வெளியில் நடைபெற வேண்டும் என்பது மறுதரப்பின் வாதமாகும்.

பெயரளவில் நிறைவு செய்தல்: குறிப்பிட்ட தொடர் இருந்தால் மதிப்பெண் கிடைக்கும் என்று தெரிந்தால், பொருளற்ற தொடர்களை ஆய்வாளர் சேர்க்கக்கூடும். கேட்டால் தரவு தரப்படும் என்னும் வழக்கமான வாசகத்தை ஆட்பப் திறந்த தரவாகக் கொள்வதில்லை.

தனியுரிமை: எல்லாத் தரவையும் வெளியிட முடியாது. தொடர்பறிதல் பட்டியலில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. பொதட்டூர்பேட்டை போன்ற ஒரு பேரூராட்சியில், வயது, பால், தொழில், நோய் கண்டறியப்பட்ட நாள் ஆகியன தெரிந்தாலே அவர் யார் என்று ஊரார் அறிந்துகொள்வர். பெருந்தொற்றின் போது நோயுற்றோர் ஒதுக்கி வைக்கப்பட்ட நிகழ்வுகளை நோக்க, இது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று. எனவே தொகுத்த தரவை மட்டும் வெளியிடுவதும், மூலத்தரவைக் கட்டுப்பாட்டுடன் பிற ஆய்வாளருக்கு வழங்குவதும் ஏற்கத்தக்க வழிகளாகும். உண்டு, இல்லை என்று மட்டும் கூறும் மென்பொருள் இக்காரணத்தை அறியாது.

மொழியும் துறையும்: பெரும்பாலான மென்பொருள்கள் ஆங்கில உயிர்மருத்துவக் கட்டுரைகளைக் கொண்டு பயிற்றப்பட்டவை. வேறு வகையான நடையில் எழுதுவோரின் வாக்கியங்கள் தவறவிடப்படலாம். மேலும், எல்லா ஆய்வுக்கும் எல்லாக் கேள்வியும் பொருந்தாது. கணித மாதிரி ஒன்றில் மறைத்து ஆய்தல் இடம்பெறவில்லை என்று கூறுவதில் பயனில்லை.

பிந்தைய வளர்ச்சிகள்

2021 இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் ஆகியோர் திரிந்த சொற்றொடர்களைத் தேடும் முறையை வெளியிட்டனர். பிறர் எழுத்தை நகலெடுத்து மறைப்பதற்காகச் சொல்மாற்று மென்பொருளைப் பயன்படுத்தும்போது, நிலைபெற்ற கலைச்சொற்களும் மாறிவிடுகின்றன. செயற்கை நுண்ணறிவு என்பதற்குப் போலி உணர்வு என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர் வந்தது இதற்கு எடுத்துக்காட்டு. இத்தொடர்களின் பட்டியலைக் கொண்டு ஐயத்துக்குரிய கட்டுரைகள் கண்டறியப்படுகின்றன.

2022 இறுதியிலிருந்து பெருமொழி மாதிரிகள் பரவியதால், கட்டுரை எழுதுவதிலும் அதைச் சோதிப்பதிலும் அவை பயன்படுத்தப்படுகின்றன. 2025 ஜூலையில், ஆர்க்கைவில் உள்ள சில முன்னச்சுகளில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத வெண்ணிற எழுத்தில், நல்ல மதிப்பீடு மட்டும் தருக என்னும் கட்டளைகள் மறைக்கப்பட்டிருந்ததை சப்பானிய நாளேடான நிக்கேய் வெளிக்கொணர்ந்தது. மதிப்பாய்வைக் கணினியிடம் முழுமையாக ஒப்படைத்தால் அதை ஏமாற்றும் வழிகளும் தோன்றும் என்பதற்கு இது சான்றாகும். பயோ-ஆர்க்கைவ், மெட்-ஆர்க்கைவ் ஆகியன 2025 மார்ச் முதல் ஓப்பன்-ஆர்க்கைவ் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின் கீழ் இயங்குகின்றன.

முன்னச்சைப் படிப்போர் பார்க்க வேண்டியவை

மென்பொருள் இல்லாமலே மாணவர் ஒருவர் இக்கேள்விகளைக் கேட்கலாம். தரவையும் நிரலையும் காட்டும் இணைப்பு உண்டா, அது திறக்கிறதா? எத்தனை பேரிடம் ஆய்வு செய்யப்பட்டது, அவர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர்? மருத்துவச் சோதனை எனில் பதிவெண் உள்ளதா, பதிவு நாள் ஆய்வு தொடங்கியதற்கு முன்னதா? ஆய்வாளர் தம் வரம்புகளைக் கூறியுள்ளாரா? பணம் தந்தவர் யார்? இதே கட்டுரைக்குத் திருத்திய பதிப்போ திரும்பப் பெற்ற அறிவிப்போ வந்துள்ளதா? இவற்றுக்கு விடை இல்லாத கட்டுரை பொய்யானது என்று பொருளன்று. அதை உறுதியான செய்தியாகப் பிறருக்குச் சொல்லும் முன் காத்திருக்க வேண்டும் என்பதே பொருள்.

இவற்றையும் பார்க்கவும்

• ஒத்தார் மதிப்பாய்வு
• திறந்த அணுக்கம்
• கட்டற்ற மென்பொருள்
• இயந்திரக் கற்றல்
• கணித அறிவியல் நிறுவனம், சென்னை